கண்டி உடவத்தகெலே காட்டில் ஒரு காலை: எந்த வழி, என்ன பறவை, ராஜா கதை எவ்வளவு உண்மை?

வேலூர் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம் அம்மா, மனைவியோடு இலங்கை போகிறோம். கண்டியில் மூன்று இரவு. தலதா மாளிகை (புத்தரின் பல் இருக்கும் கோயில்), பேராதனைத் தாவரவியல் பூங்கா இரண்டும் உறுதி. மிச்சம் இருக்கும் ஒரு காலையை உடவத்தகெலே பறவைகள் சரணாலயத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை.

எனக்கு அந்த இடத்தின் மேல் ஏன் ஆசை என்றால், எங்கள் ஊர்க் கோட்டைக்குள் கண்டி மஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், அதில் கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த ராஜா எங்கிருந்து வந்தார், எப்படிப்பட்ட அரண்மனையில் இருந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது படித்தால் அரண்மனைக்குப் பின்னாலிருந்த அவருடைய காடுதான் இந்த உடவத்தகெலே என்று போட்டிருக்கிறார்கள். இது உண்மையா, இல்லை டூரிஸ்டுக்குச் சொல்லும் கதையா?

அப்புறம் சில்லறைக் கேள்விகள். அம்மாவுக்கு 68 வயது, சமதரையில் நன்றாக நடப்பார், படிக்கட்டு என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? அட்டைப்பூச்சி இருக்குமா? (மனைவி கேட்கச் சொன்ன ஒரே கேள்வி இதுதான்.) என்னிடம் ஒரு 8x40 பைனாகுலர் இருக்கிறது, பறவை பார்ப்பதில் நான் கற்றுக்குட்டி. எதை எதிர்பார்த்துப் போகலாம்?

மஹய்யாவ:

வணக்கம் தம்பி. நான் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன், மாதம் இரண்டு தடவையாவது இந்தக் காட்டுக்குப் போகிற ஆள். ஒரு காலை தாராளமாகப் போதும். அதற்கு மேலும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

முதலில் அம்மா. தலதா மாளிகையிலிருந்து நடந்தே வரலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், இருபது நிமிடத்துக்குள்தான், ஆனால் அந்தக் கடைசி ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஓட்டோ ஒன்று பிடித்து வாயில் வரை போய் இறங்குங்கள். டிக்கட் அங்கேயே, வெளிநாட்டவருக்கு விலை வேறு, அடிக்கடி மாறுகிறது, அதனால் நான் தொகை சொல்லப் போவதில்லை. உள்ளே போன பிறகு அகலமான பாதைதான், லேடி ஹோர்ட்டன் பாதை என்று பெயர், காட்டைச் சுற்றிக்கொண்டு போகும். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் செங்குத்து இல்லை, படிக்கட்டும் இல்லை. காட்டின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து 635 மீட்டர், கீழே இருக்கிற வாவியிலிருந்து பார்த்தால் 115 மீட்டர் உயரம், அவ்வளவுதான். நிதானமாக நின்று நின்று நடந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அம்மாவுக்கு முடியாவிட்டால் முழுச் சுற்றும் போக வேண்டாம், வாயிலுக்குச் சற்று உள்ளே ராஜாவின் குளம் இருக்கிறது, அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய் வரலாம். உண்மையைச் சொன்னால் அம்மாதான் உங்களைவிட அதிகம் பறவை பார்ப்பார்.

அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. இந்தக் காடு அடர்த்தி, மேலே கூரை மூடியிருக்கும், நடக்கிறவனுக்குச் சத்தம்தான் கேட்கும், பறவை தெரியாது. குளத்தடியில் வானம் திறக்கிறது. அங்கே காலையில் அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் வரிசையாக வரும். மலை மைனா ஜோடியாக வந்து காய்ந்த கிளையில் உட்கார்ந்து தொண்டையைக் கனைக்கும். மரகதப் புறா தரையிலேயே சருகுக்குள் நடக்கும், பறந்து போகிறபோதுதான் பச்சை மின்னும். பழுப்பு மீன் ஆந்தை பெரிய மரத்தின் நிழலில் தூங்கிக்கொண்டிருக்கும், காக்கைகள் கூட்டமாகக் கத்தினால் அந்தப் பக்கம் கண்ணாடியைத் திருப்புங்கள், பெரும்பாலும் அதற்குத்தான் திட்டு விழுந்துகொண்டிருக்கும். நல்ல ராசி இருந்தால் மூன்று விரல் மீன்கொத்தி. கட்டைவிரல் அளவு உடம்பு, மஞ்சளும் ஊதாவும் சிவப்பும், என் வாழ்நாளில் இந்தக் குளத்தில் அதை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன்.

இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகளில் இங்கே நம்பிப் போகக்கூடியவை நான்கு. லேயர்ட் கிளி, முதுகும் தலையும் சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை வளையம், கும்பலாகக் கரகரவென்று கத்திக்கொண்டு காட்டின் மேலே விர்ரென்று போகும். தொங்கும் கிளி, சிட்டுக்குருவி அளவுதான், வாலே இல்லாத மாதிரி இருக்கும், தலைகீழாகத் தொங்கித்தான் பழம் தின்னும், தூங்குவதும் வவ்வால் மாதிரி அப்படியே. மஞ்சள் நெற்றிக் குக்குறுவான். அப்புறம் பழுப்புத் தலைச் சிலம்பன், இது புதருக்குள்ளேயே இருக்கும், குரல் மட்டும் கேட்டுவிட்டு வந்தீர்கள் என்றாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

ஜனவரி நல்ல காலம். வலசைப் பறவைகள் எல்லாம் இருக்கும். ஆறுமணிக்குருவியும் வந்திருக்கும், நீங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள், இந்தியாவிலிருந்துதான் இங்கே குளிர்காலத்துக்கு வருகிறது.

அட்டை இருக்கிறது. மழை பெய்த மறுநாள் நிறைய, வெயில் அடித்து இரண்டு மூன்று நாள் ஆனால் குறைவு. சப்பாத்தும் நீளமான மேசும் (சாக்ஸ்) போட்டு, காற்சட்டையை மேசுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மேசின் மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிட்டால் ஏறாது. பாதையின் நடுவில் நடந்தால் ஒன்றும் இல்லை, ஓரத்துப் புல்லில் நின்று போட்டோ எடுக்கிறவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கும்.

சிங்கராஜ ரசிகன்:

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால் நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் உடவத்தகெலே அவ்வளவு பெரிய இடம் இல்லை. மொத்தமே 104 ஹெக்டேர், அதாவது 257 ஏக்கர். சுற்றிலும் நகரம். பஸ் ஹோர்ன் சத்தம் காட்டுக்குள்ளும் கேட்கும். இலங்கைக்கே உரிய பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றால் சிங்கராஜ மழைக்காட்டுக்குத்தான் போக வேண்டும்.

போன தடவை நான் போனபோது ஒரு குரங்கு என் பையின் ஜிப்பையே திறந்து மாரி பிஸ்கட் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. குளத்தடியில் பெஞ்சு எல்லாம் குடை பிடித்த காதலர்கள். நான் பார்த்த ஒரே உருப்படியான பறவை சோலைபாடி. அது நன்றாகத்தான் பாடியது, ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிட எனக்கு வருத்தம், இது காடு என்றே சொல்ல முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பாதி இடத்தில் ஒரே வகை மரக்கன்று, பயிர் வைத்த மாதிரி. ராஜாவின் காடு என்கிறார்கள், ராஜா வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது.

வேலூர் வாசி:

மஹய்யாவ அண்ணா, மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. குளத்தடி யோசனை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிங்கராஜ ரசிகன் சொல்வதும் புரிகிறது, ஆனால் அம்மாவை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் இந்தத் தடவை முடியாது. ராஜா விஷயத்துக்கு யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ஏடு:

ராஜா விஷயம் கட்டுக்கதை இல்லை. உடவாசல வத்த என்பதுதான் பழைய பெயர், அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டம் என்று பொருள். கண்டி அரசர்கள் காலத்தில் சாதாரண சனங்கள் உள்ளே போக முடியாது, அதனால் தஹன்சி கெலே என்றும் சொன்னார்கள், தடை செய்யப்பட்ட காடு. குளம் அரச குடும்பத்தார் குளிப்பதற்கு. அந்தக் குளத்தின் அடியில் ஒரு பெட்டி தங்கக் காசு இருக்கிறது, சிவந்த கண்ணுள்ள பாம்பு ஒன்று காவல் காக்கிறது என்ற கதையையும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். அதைத்தான் நீங்கள் டூரிஸ்ட் கதையில் சேர்க்க வேண்டும்.

உங்கள் வேலூர் ராஜாவின் இயற்பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சம், 1739 முதல் கண்டியில் அந்த வம்சம்தான் ஆண்டது. இவர் 1798ல் பதினெட்டு வயதில் சிம்மாசனம் ஏறினார். இப்போது தலதா மாளிகைக்கு முன்னால் நீங்கள் பார்க்கப் போகும் வாவி அவர் கட்டுவித்தது, அதற்கு முன் அது வயல். 1815 பெப்ரவரியில் பிடிபட்டார், மார்ச் 2ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அடுத்த வருடம் அவரை வேலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1832 ஜனவரி 30ந் தேதி அங்கே இறந்தார். நீங்கள் ஜனவரி கடைசி வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தத் தேதி காட்டுக்குப் போகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டி என்ற ஊருக்கே வேர் இந்தக் காட்டில்தான் என்று சொல்வார்கள். செங்கடகல என்பது கண்டியின் பழைய பெயர், செங்கண்ட என்ற பிராமணத் துறவி தங்கியிருந்த குகை காட்டுக்குள் இருக்கிறது என்பது ஐதீகம். அந்தத் துறவி மரபு இன்றும் விடவில்லை. காட்டுக்குள் பிக்குகள் இருக்கும் ஆசிரமங்கள் உண்டு, தியானக் குகைகள் உண்டு. அதில் ஒன்றில் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஞானபோனிக தேரர் 1952லிருந்து 1994ல் இறக்கும் வரை வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அவரை உங்கள் நாட்டில் டேராடூன் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு ராஜாவை இங்கிருந்து அங்கே கொண்டுபோனார்கள், ஒரு பிக்கு அங்கிருந்து இங்கே திரும்பி வந்தார், இந்தக் காட்டைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்த இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஞாபகம் வருவார்கள். ஆசிரமப் பக்கம் போகிற கிளைப்பாதையில் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாதைகளின் பெயர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஹோர்ட்டன், டொரிங்டன், கோர்டன், அண்டர்சன் என்று எல்லாம் ஆளுநர்களின் மனைவிமார். ராஜா போனதும் வெள்ளைக்காரத் துரைசானிகள் மாலையில் காற்று வாங்க நடப்பதற்குத் தடை செய்யப்பட்ட காட்டில் பாதை வெட்டினார்கள். ஹோர்ட்டன் துரை ஆளுநராக இருந்தது 1831 முதல் 1837 வரை. அவர் மனைவி ஆன் பெரிய அழகி, இலங்கைக்கு வருவதற்கு முன்பே, இளம் வயதில், கறுப்பு உடையில் ஒரு விருந்துக்கு வந்தவரைப் பார்த்துக் கவிஞர் பைரன் ஒரு கவிதையே எழுதிவிட்டார். அந்த அம்மாளின் பெயரில் உள்ள பாதையில்தான் உங்கள் அம்மா நடக்கப் போகிறார். கிழக்குப் பக்கம் போகும்போது மரங்களுக்கு இடையில் மகாவலி ஆறு தெரியும் இடம் ஒன்று உண்டு, நிற்காமல் போய்விடாதீர்கள்.

1856ல் ஒதுக்குக் காடாகவும், 1938ல் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். அந்த 1856ஐ வைத்து இன்னொரு விஷயம். திரும்பும் வழியில் தலதா மாளிகைக்குப் பின்னால் பழைய பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்துக்கும் பத்து நிமிடம் போங்கள். அதே வருடம் காட்டு யானை தாக்கி இறந்த ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை அங்கே இருக்கிறது. கண்டி ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொய்லியின் கல்லறையும் அங்கேதான். உங்கள் ராஜாவை வேலூருக்கு அனுப்பியதில் அந்த ஆளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் 1824ல் கண்டியிலேயே காய்ச்சலில் இறந்தார், ராஜாவுக்கு எட்டு வருடம் முன்பு.

கட்டாக்குச்சி:

சிங்கராஜ ரசிகன் சொன்ன ஒரே வகை மரக்கன்று பற்றி மட்டும் எழுதுகிறேன். அவர் பார்த்தது சரி. அது மைரொக்சிலோன், மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காப் பக்கத்து மரம், அதன் பாலிலிருந்து பல்சம் என்ற வாசனைப் பிசின் எடுப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்தது. அதன் காய் ஒற்றை இறக்கை மாதிரி இருக்கும், நுனியில் ஒரே விதை, சுழன்று சுழன்று விழும். ஒன்றைப் பொறுக்கி மேலே எறிந்து பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் விழுந்த இடமெல்லாம் முளைக்கிறது, நாட்டு மரக்கன்றுக்கு வெளிச்சமே கிடைப்பதில்லை.

இரண்டாவது எதிரியை நீங்கள் எல்லாரும் வீட்டில் போத்தலில் வளர்க்கிறீர்கள். மணி பிளாண்ட். வீட்டில் உள்ளங்கை அளவு இலை. இங்கே மரத்தைப் பிடித்து ஏறிவிட்டால் ஒரு இலை சோற்றுத் தட்டைவிடப் பெரிது, நடுவில் கிழிந்து கிழிந்து இருக்கும், வேறு ஏதோ செடி என்று நினைப்பீர்கள். ஒரு மரத்தையே மூடிவிடும்.

ஆனால் இது "காடே இல்லை" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இது ஒரு நாளும் கைபடாத காடாக இருந்ததில்லை. ராஜாவின் தோட்டம், பிறகு வெள்ளைக்காரன் நட்ட தோப்புகள், பிறகு அதைக் கவனிக்காமல் விட்டதில் தானாக வளர்ந்தது, எல்லாம் கலந்ததுதான். மஹோகனியும் நிற்கும், நாட்டு மரமும் நிற்கும், தொடை பருமன் கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாலம் போட்டிருக்கும். ஊர் நடுவில், சுற்றிலும் வீடு வந்த பிறகும், அதற்குள் கேளையாடும் முள்ளம்பன்றியும் அழுங்கும் தேவாங்கும் இருக்கின்றன என்றால் அதைக் காடு என்று சொல்லாமல் என்ன சொல்வது? பஸ் சத்தம் கேட்கும்தான். கேளையாடு குரைப்பதும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது நான் நாய் என்று நினைத்தேன்.

பிஸ்கட் விஷயத்தில் குரங்கின் பக்கம்தான் நான்.

சிங்கராஜ ரசிகன்:

சரி சரி. தோட்டம் பாதி, காடு பாதி என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் என்னுடையது.

வேலூர் வாசி:

திரும்பி வந்துவிட்டோம், சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

பழைய ஏடு ஐயா சொன்னதைப் படித்த பிறகு 30ந் தேதி காலையே போனோம். முதல் நாள் மழை இல்லை. ஆட்டோவில் போய் இறங்கியபோது வாயில் அப்போதுதான் திறந்திருந்தது, எங்களைத் தவிர ஒரு வெளிநாட்டுத் தம்பதி மட்டும். அம்மா குளத்தடியில் உட்கார்ந்தார், நாங்கள் சுற்றி வந்தோம், இரண்டேகால் மணி நேரம் ஆனது. மகாவலி தெரிகிற இடத்தில் மூடுபனி, ஆறு தெரியவில்லை, சத்தம் கேட்டது போலத்தான் இருந்தது, அது காற்றாகவும் இருக்கலாம்.

குக்குறுவான் சத்தம் காலை முழுக்க. ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று ஒரு அத்தி மரத்தின் கீழ் கால் மணி நேரம் கழுத்து வலிக்க நின்றேன், இலை அசைகிறது, பழம் விழுகிறது, பறவை இல்லை. கடைசியில் என் மனைவிதான் காட்டினாள், நான் பார்த்துக்கொண்டிருந்த அதே கிளையில், இலை நிறத்திலேயே, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் மஞ்சள். தொங்கும் கிளியும் பார்த்துவிட்டோம், லேயர்ட் கிளி சத்தம் மட்டும்.

திரும்பி வந்தால் அம்மா, "ஒரு பெரிய ஆந்தை இங்கிருந்து அங்கே போய் உட்கார்ந்ததுடா, நீ எங்கே போயிருந்தாய்" என்கிறார். மஹய்யாவ அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. அம்மா கையைக் காட்டிய மரத்தில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மணி பிளாண்ட் இலையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போனதும் வீட்டுச் செடியை வெட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். இன்னும் வெட்டவில்லை.

ராஜா காட்டிலிருந்து ஒரு மைரொக்சிலோன் காயை எடுத்துப் போய் முத்து மண்டபத்தில் வைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் கட்டாக்குச்சி எழுதியது ஞாபகம் வந்தது, அங்கேயே போட்டுவிட்டேன்.

அட்டைக் கணக்கு: எனக்கு இரண்டு, மனைவிக்கு ஒன்று, அம்மாவுக்கு இல்லை.

ஒரு சந்தேகம். பாதையின் நடுவில் சருகுக்குள் ஒரு குருவி நடந்துகொண்டிருந்தது, வாலாட்டி மாதிரி, ஆனால் எங்கள் ஊர் வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டும், இது இடமும் வலமுமாக உடம்போடு சேர்த்து ஆட்டியது. முதுகு மங்கிய பச்சைப் பழுப்பு, மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. என்ன அது?

மஹய்யாவ:

காட்டு வாலாட்டி. வாலைப் பக்கவாட்டில் ஆட்டுகிற வாலாட்டி அது ஒன்றுதான், இரண்டு பட்டையும் சரி. குளிர்காலத்துக்கு வருகிற ஆள், நிழல் பாதையில்தான் நடக்கும். அம்மாவிடம் ஆந்தையின் காலில் இறகு இருந்ததா, வெறுங்காலா என்று கேட்டுச் சொல்லுங்கள்.